தொர வாசலில் கட்டிய வேப்பிலை

தொர,

இதெல்லாம் நடக்கும் என்று முன்னமே சொன்னவன் நான். கம்பத்தில் ஒரு வெள்ளைக்காரன் ரொட்டிக்கடை போடுவான், அது தேனி வரைக்கும் கிளை விடும் என்று நீ விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கேட்டவர்கள்தான் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

இன்று காலை தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் உன் கிளைக்கடையிலிருந்து வெண்ணெய் வாசம் வந்தது. நீ கண்ணை மூடி வருஷம் ஒன்றாகிறது, அடுப்பு இன்னும் ஓயவில்லை. அதுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உன் ஊர்ப் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. ஆனால் அங்கே இருந்த வீட்டை விற்றுத்தான் இங்கே கடை போட்டாய் என்பது தெரியும். ஓடாவிட்டால் திரும்பிப் போக உனக்கு இடமில்லை.

கடை திறந்த நாள் வீரபாண்டி அம்மன் திருவிழாச் சமயம். வழியெல்லாம் வேப்பிலை பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறதே என்று நீயும் வாசலில் கொத்துக் கொத்தாகக் கட்டிவிட்டாய். மத்தியானம் வரை ஈ, காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் தெருவிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அப்போதுதான் நான் வந்தேன். எனக்காக டிரைவர் பஸ்ஸை உன் கடை முன்னாலேயே நிறுத்தினார்.

"யாருக்கு தொர அம்மை போட்டிருக்கு?"

"யாருக்கும் இல்லண்ணே. ஏன் ஒருத்தரும் உள்ள வர மாட்டேங்கிறாக?"

"வாசல்ல வேப்பிலையச் சொருகுனா உள்ள அம்மை கண்டிருக்குன்னு அர்த்தம். எவன் வருவான்?"

ஏற்கெனவே வெள்ளை முகம். அதற்கு மேலும் வெளுத்தது.

பிறகு நடந்ததை ஊரே சொல்லும். உன்னை வாசலில் பலகை போட்டு உட்கார வைத்து, அம்மை இறங்கினவனுக்கு ஊற்றுவதுபோல் தலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதன்பிறகுதான் வேப்பிலையை இறக்கினேன். ஐயாயிரம் பேர் கூடினார்கள்.

"ஏலே, தொரைக்கு எறங்கிருச்சுடா" என்றார் எதிர்த்த டீக்கடைக்காரர். தெருவே சிரித்தது. அடுத்த வீட்டு ஆத்தா முந்தானையால் உன் தலையைத் துவட்டிவிட்டு, "திங்க என்னய்யா வச்சிருக்க?" என்று முதல் ஆளாக உள்ளே போனது. சாயங்காலத்துக்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது.

அந்த யோசனை என்னுடையது என்றுதான் கல்யாண வீடு, காதுகுத்து எல்லாவற்றிலும் சொல்லி வருகிறேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, அது நானாகச் சேர்த்தது. "பிச்சு எறி தொர" என்றுதான் சொன்னேன். நீ பிய்க்கக் கையைத் தூக்கி, அப்படியே நிறுத்தினாய். என் கதையில் இல்லாமல் என் காதில் மட்டும் இருக்கிற பேச்சு இது:

"வீட்டுக்கு வந்த அம்மன எப்பிடிண்ணே அனுப்பி வைப்பாக?"

"தலைக்குத் தண்ணி ஊத்தி."

நீ சட்டையைக் கழற்றிவிட்டு, பலகையை நீயே எடுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.