டயருக்கும் கிராங்க்குக்கும் நடுவே

ஜூன் 9, திங்கள்

தங்கை ஏமிக்கு சைக்கிள் பிரேம் நானே கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஜூலை 27-இல் டெங்கிலில் தொடங்கி ஜெஞ்சாரோம் போய்த் திரும்பும் சைக்கிள் ஓட்டம், செம்பனைத் தோட்ட மண்சாலையில் நூறு கிலோமீட்டர். போன வருடம் பாதியிலேயே நின்றுவிட்டாள். சேறு அடைத்துச் சக்கரம் சுற்றவில்லையாம். பயிற்சி போதவில்லை என்றேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. இந்த முறை அகலமான டயர். சாக்கே இருக்காது.

ஜூன் 14

வரைபடம் முடிந்தது. டயர் 50 மில்லிமீட்டர். இருபுறமும் டயருக்கும் பின்குழாய்க்கும் நடுவே ஆறு இடைவெளி, குழாய்க்கும் மிதிக்கட்டையைத் தாங்கும் கிராங்க்குக்கும் நடுவே மூன்று. கச்சிதம்.

ஜூன் 21

கிள்ளானில் பர்வேஸின் பட்டறை. என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், இப்போது வீட்டு கேட் செய்கிறான். குழாய்களைத் தற்காலிகமாகப் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, ஏமியின் சக்கரத்தை மாட்டினேன். இடைவெளி நான்குதான் இருந்தது.

"டயருக்குக் காத்தடிச்சு அளந்தியாடா?" என்றான்.

இல்லை. டயரில் அச்சிட்டிருந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவளுடைய அகல ரிம்மில் அது 54.

"நான் ஒரு கேட்டுக்கே நேர்ல போய் அளக்கறேன் லா, இஞ்சினியர் சார்."

நான்கு மில்லிமீட்டரில் சேறு எங்கே போகும்?

ஜூன் 22

குழாயை வெளியே தள்ளினால் கிராங்க் இடிக்கிறது. உள்ளே தள்ளினால் டயர். வெளியே — கிராங்க். உள்ளே — டயர். ச்சே.

ஜூன் 28

அந்த இடத்தில் குழாயே வேண்டாம் என்கிறான் பர்வேஸ். குழாய் பதினெட்டு பருமன். அங்கே கேட் கீலுக்குப் போடும் தகட்டை வைத்தால் எட்டுதான்.

"அசிங்கமா இருக்கும்டா."

"உன் தங்கச்சி அத மிதிக்கப் போறாளா, சுவத்துல மாட்டப் போறாளா?"

கணக்குப் போட்டேன். தாங்கும். ஒரு பக்கத்துக்குப் பத்து மில்லிமீட்டர் சும்மா கிடைக்கிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை? எரிச்சல்.

ஜூலை 13

பெயிண்ட் காய்ந்தது. ஏமி பிரிக்பீல்ட்ஸ் முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். "எங்கயும் இடிக்கல அண்ணே," என்றாள். அவ்வளவுதான். நன்றியாம், மண்ணாங்கட்டி.

ஜூலை 26, சனி

நாளை ஓட்டம், ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்குப் போக முடியாது. அம்மாவுக்காக இன்று மாலைப் பூசைக்கே போய்விட்டோம். மழை.

ஜூலை 27

நானும் ஓட்டினேன், கடையில் வாங்கிய என் சைக்கிளில். 41-ஆவது கிலோமீட்டரில் களிமண். பின்சக்கரம் நின்றது. குச்சியால் நோண்டினேன். பத்து மீட்டர் போனேன். மறுபடி நின்றது.

பின்னாலிருந்து ஏமி. டயர் முழுக்கச் சேறு, ஆனால் சுற்றுகிறது. "ஓரமா நில்லுண்ணே, வழிய மறைக்காத." போய்விட்டாள்.

மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்து, எல்லோருக்கும் பின்னால் வந்த ஏற்பாட்டாளர்களின் லோரியில் ஏறினேன். என் காலில் பலம் இருந்தது. சக்கரம்தான் சுற்றவில்லை.

லோரி போய்ச் சேர்ந்தபோது அவள் முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"போன வருஷம் நான் சொன்னது தப்பு," என்றேன்.

"தெரியும். தள்ளு, இவங்க சைக்கிள பாக்கணுமாம்."

ஐந்தாறு பேர் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏமி விளக்கினாள்: டயர் அறுபது, தகடு அஞ்சு, இடைவெளி இருபது. ஓர் எண்கூடச் சரியில்லை. யாரோ கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டார்.

நான் திருத்தவில்லை. தகடு பர்வேஸின் யோசனை என்று மட்டும் சொன்னேன்.