ஏழுக்குக் கீழே

ஜூலை 8, செவ்வாய்
இங்கே ஜூலை என்றாலே கடுங்குளிர். துவைத்த துணி எதுவும் காயவில்லை. அன்செல்மோ இன்று பஸ் ஓட்டப் போகவில்லை. இடுப்பு வலி, நடுக்கம். சூடாக மாதே இலைத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். பாதியிலேயே வைத்துவிட்டார்.

ஜூலை 9
காலையில் என் பெயரே அவருக்குத் தெரியவில்லை. என்கர்னசியோன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சிறுநீரகக் கல் அடைத்துச் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம். செப்டிக் ஷாக் என்கிறார்கள். குழாய் வைத்துச் சீழை வடித்தார்கள், ஆன்டிபயாடிக் ஓடுகிறது. பிரஷர்தான் ஏறவில்லை.
ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவரச் சொன்னார்கள். இங்கே எந்த நோயாளி என்றாலும் அப்படித்தான்.

ஜூலை 10
கொழுந்தன் ரூஃபினோ தன் கால்பந்து அணியையே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கோல்கீப்பர் புதிதாகப் பச்சை குத்தியிருந்ததால் வேண்டாம் என்றுவிட்டார்கள். பாசிலியோ ஊசியைப் பார்த்ததும் சுருண்டு விழுந்தான். "அடுத்தவன் முட்டிய மட்டும் நல்லா ஒடைப்பான்" என்றான் ரூஃபினோ. நானும் சிரித்தேன். சிரித்த பிறகு பயமாக இருந்தது.

சாயங்காலம் வரை அன்செல்மோவுக்கு ஒரு சொட்டு ரத்தம் ஏற்றவில்லை. ஹீமோகுளோபின் நேற்று ஒன்பது, இன்று 7.6. டாக்டர் லெஸ்கானோவை ரூஃபினோ வழிமறித்தான்.
"எங்க ரத்தத்த ஃபிரிட்ஜுல வச்சுக்கிட்டு எங்க அண்ணன சாகடிக்கிறீங்களா டாக்டரம்மா?"
அவர் குரலை உயர்த்தவில்லை. சலைன் நிறைய ஏறியதில் ரத்தம் நீர்த்திருக்கிறது, எங்கும் ரத்தக் கசிவு இல்லை, இதயக் கோளாறும் இல்லை, ஏழுக்குக் கீழே போனால் ஏற்றுவோம் என்றார். கொடுத்த ரத்தம் வங்கிக்குரியது, யாருக்குத் தேவையோ அவர்களுக்கு.

ஜூலை 11
ரூஃபினோ தனியார் கிளினிக் ஒன்றில் பேசிவிட்டானாம். போனதும் இரண்டு பை ஏற்றுவார்களாம். அவரை அங்கே மாற்ற நான் கையெழுத்துப் போட்டால் போதும்.
"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அண்ணன் போயிருவாரு, அண்ணி."
போடாம இருந்து ஏதாவது ஆச்சுன்னா? போட்டு, வழியிலயே ஆச்சுன்னா — அப்ப யாரைக் கேட்பேன்?
ரத்தம் ஏற்றினால் என்ன கெட்டுப்போகும் என்று டாக்டரிடமே கேட்டேன்.
"நான் படிக்கிறப்போ பத்து வரைக்கும் ஏத்தச் சொன்னாங்கம்மா. அப்புறம் நிறைய பேருக்கு பத்து, ஏழுன்னு ரெண்டு விதமாவும் செஞ்சு பார்த்தாங்க. கூட ஏத்தினதால யாரும் கூடப் பொழைக்கல. நுரையீரலுக்குக் கெடுதலா முடியறதும் உண்டு. இப்ப இவரை இடம் மாத்துறதுதான் எனக்குப் பயம்."
"பொழைப்பாரா?"
"தெரியலம்மா."
அந்தத் தெரியலயைத்தான் நம்பினேன். கையெழுத்துப் போடவில்லை. ரூஃபினோ என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

ஜூலை 12
6.8. யாரும் கேட்காமலே ஒரு பை ஏற்றினார்கள். யார் கொடுத்தது என்று கேட்டேன். நர்ஸுக்கும் தெரியவில்லை.

ஜூலை 13
பிரஷர் மருந்தைக் குறைக்கிறார்கள். எழுதவே பயம்.

ஜூலை 16
கண் திறந்தார். பஸ் சாவி யாரிடம் என்று கேட்டார்.

நவம்பர் 4
பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போனோம். ரூஃபினோவும் வந்தான். சொல்லாமல் கொள்ளாமல் ரத்த வங்கிக்குள் நுழைந்தான். கவுன்ட்டரில் இருந்த பெண், எந்த நோயாளிக்காக ரத்தம் கொடுக்கிறான் என்று பெயரைக் கேட்டாள்.
"யாருமில்ல."
எந்த வார்டு என்றாள்.
"எந்த வார்டும் இல்லம்மா. எடுத்து வச்சுக்கங்க."
இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்செல்மோ வாசல் வெயிலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.