என் ரத்தத்தில் உன்னைத் தேடினார்கள்

இன்று காலை சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்தேன். முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சு பட்டதும், அந்த வாடை என்னை நேரே உன்னிடம் கொண்டுபோய் விட்டது.

நாம் இரட்டைப் பிள்ளைகள். எனக்குச் சில நிமிடம் மூத்தவன் நீ. "நான் செத்துப் பூட்டா மொதல்ல உனுக்குத்தான்டா தெரியும்" என்பாய். காட்டுப்பள்ளிக்கு நேரே கடலில் உன் மீன்பிடிப் படகு கவிழ்ந்தபோது நான் ராயபுரத்தில் சோறு தின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் எண்ணூரில் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் இல்லை. "அது அவரு இல்ல" என்று உன் மனைவி அடித்துச் சொன்னாள். உன் மகளிடமும் என்னிடமும் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

பல வாரம் கழித்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஏட்டு காகிதத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணோடது பாதி ஒத்துப்போவுது. உன்னோடது ஒண்ணு விடாம ஒத்துப்போவுது. இத வச்சுப் பாத்தா, மார்ச்சுவரில கீறது நீதாம்பா."

உடலைப் பெற்றுக்கொள்ளக் கையெழுத்துப் போட்டபோது, என்னையே நான் வாங்கிக்கொள்வதுபோல் இருந்தது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் உன் மகள்தான் விளக்கினாள். பன்னிரண்டாவதில் உயிரியல் படிக்கிறாளே.

"நம்ம செல்லுல நாப்பத்தாறு குரோமோசோம் கீது, சித்தப்பா. ஒடம்பு வளர்றப்ப செல்லு ரெண்டாவும். ரெண்டுலயும் அதே நாப்பத்தாறு. அது மைட்டாசிஸ். புள்ள பொறக்கறதுக்கான செல்லு உண்டாவும்போது மட்டும் பாதியாவும், இருபத்துமூணு. அது மியாசிஸ். நைனாவோட இருபத்துமூணும் அம்மாவோட இருபத்துமூணும் சேந்துதான் நானு. நீயும் நைனாவும் ஒரே கருவா இருந்து பிரிஞ்சவங்க. அதான் அப்படியே ஒத்துப்போச்சு."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட நைனா பாதிதான் கீறாரு. உங்கிட்ட முழுசா கீறாரு. ஒடம்ப பாத்துக்கோ."

உன்னை அடக்கம் செய்ததிலிருந்து உன் மனைவி என்னை நேராகப் பார்ப்பதில்லை. "தலைய குனிஞ்சுகினு வா தம்பி. நிமிந்தா அவரு வர்றாரு" என்றாள். உன் வீட்டுக்குக் குனிந்தே போகிறேன்.

வலை இழுக்கையில் கை கிழிகிறது. நாலு நாளில் தோல் மூடிக்கொள்கிறது, நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறாய். புதிதாக வந்த அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறேன். வளர்வது நானா, நீயா என்று கேட்க எனக்கு யாருமில்லை.