யாருக்கோ தைத்த ஜாக்கெட்

ஜூலை 9, புதன்

சதுர்த்தசி. அம்மாவும் நானும் உபவாசம். பெரியம்மா போன் செய்தபோது அம்மா அளந்துவிட்டாள்: "எங்க சுருதி பல்லுல தண்ணி படாம இருக்கும். இந்த வயசுல யாருக்கு வரும்?" சமணர் வீட்டில் சாப்பிடாத பெண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை, மெச்சுகிறார்கள். சதுர்த்தசி இல்லாத நாளிலும் என் டிபன் பாக்ஸ் ஆபீஸில் யார் யாருக்கோ போவது அம்மாவுக்குத் தெரியாது. வயிறு எதுவும் கேட்பதே இல்லை.

அண்ணன் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க சரசு அக்காவிடம் போனேன். டேப்போடு வந்தார். சுற்ற விடுவேனா? அளவு ஜாக்கெட்டும் தரவில்லை, பழசெல்லாம் இந்த உடம்புக்கு எங்கே பத்தும்? வாயாலேயே அளவு சொன்னேன். "நெஜமாவாம்மா?" என்றார். தைக்கச் சொன்னால் தைக்க வேண்டியதுதானே.

ஜூலை 11, வெள்ளி

பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இன்னும் வடியவில்லை. வேங்கிக்கால் ஆபீஸ் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அங்கே இரண்டு பீரோவுக்கு நடுவே எப்போதும்போல் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தேன். கோபி சார் சிரித்தார். "ஏம்மா நண்டு மாதிரி போற? இந்தத் தொப்பைய வெச்சிக்கினு நானே நேரா வர்றேன்." வந்தும் காட்டினார்.

எல்லாரும் போனபிறகு நேராக நடந்து பார்த்தேன். தோள் இடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். இடிக்கவில்லை. இரண்டு பக்கமும் இடம் இருந்தது. இடமா? எப்படி?

ஜூலை 16, புதன்

ஜாக்கெட் வந்தது. தோளில் நிற்காமல் நழுவுகிறது. சரசு அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"யாரோடதையோ மாத்திக் குடுத்துட்டீங்க!"

"நீ சொன்ன அளவுதாம்மா. எனக்கே சந்தேகம், நீதான் பிடிவாதமா சொன்ன."

அம்மா விளையாட்டாக எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கொக்கி எல்லாம் மாட்டியது. அம்மாவுக்குக் கச்சிதம்.

அம்மா குண்டு. நான் அம்மாவைவிடக் குண்டு என்றுதானே— அய்யோ. கண்ணாடியில் இப்பவும் அப்படித்தான் தெரியுது. அப்போ எது பொய்? எழுத முடியல.

ஜூலை 17

சரசு அக்கா துணி அளந்த டேப் தப்பாக இருக்குமோ?

ஜூலை 21, திங்கள்

ஆபீஸ் படியில் மயங்கி விழுந்தேனாம். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்பலேர்ந்து சாப்பாடு கம்மி?" என்றார். அம்மா முந்திக்கொண்டாள். "விரதம்ங்க. இவளுக்கு பக்தி ஜாஸ்தி."

"விரதம் இல்லம்மா," என்றேன். என் குரல்தானா அது?

அம்மா என்னையே பார்த்தாள். "ஊரெல்லாம் பெருமையடிச்சேனேடி," என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் கண்ணுக்குத் தெரிகிற உடம்பு என் உடம்பே இல்லையாம். பசியும் இப்போதைக்குச் சரியாகத் தெரியாதாம். இரண்டையும் நம்பாமல் மணி பார்த்துச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். என் கண்ணையே நம்பக் கூடாதென்றால் எப்படி நடப்பது, எப்படி உட்காருவது? பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 4

சோறு காகிதம் மாதிரி இருக்கிறது. அழுதுகொண்டே தின்கிறேன். கண்ணாடி மாறவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வயிற்றில் ஒரு வலி. கிள்ளுகிறது, விடுகிறது, மறுபடி கிள்ளுகிறது. குடல்வாலோ என்று பயந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வயிற்றில் கைவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பிறகு மெதுவாக, "ஏண்டி, இது பசிடி," என்றாள்.

பசியா? இதுவா? எனக்குத் தெரியவே இல்லையே!

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்தபின் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"உப்புமா கிண்டட்டா, தோசை ஊத்தட்டா?"

தோசை என்றேன்.