வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மார்ச் 3, செவ்வாய்

என் புது கேமைத் தளத்தில் ஏற்றி நான்கு நாள் ஆகிறது. குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட ஓர் ஆள், ஒவ்வொரு கதவாகத் திறந்து வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். இலவசம், பிரௌசரிலேயே ஆடலாம். அதற்குள் நூற்றுப் பத்து கமெண்ட். "எங்க வீட்டுப் பூனை இதைவிட நல்லா டிசைன் பண்ணும்" என்கிறது ஒன்று. ஐந்து வருடமாக வாங்கிக் கட்டிக்கொண்டு தோல் தடித்துவிட்டது. டீத்தூள் டப்பாவில் சாவியை ஒளித்தது அநியாயம் என்று ஆறு பேர். அது நியாயமான புகார்தான், மாற்ற வேண்டும்.

வரைந்தது எங்கள் பழைய வீட்டை. புதிதாக ஒன்றை யோசிக்கச் சோம்பல். அதைத்தான் இடித்துத் தள்ளிவிட்டார்களே, யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

மார்ச் 5, வியாழன்

"குளியலறைத் தாழ்ப்பாள் தப்பு. அது வெளிப்பக்கம் இருக்கணும்." மூன்று ஸ்டார்.

இந்தத் தளத்தில் கமெண்ட் போடுபவருக்குப் பெயர் கிடையாது. பதில் எழுதவும் வழியில்லை. கேமில் எதையாவது மாற்றினால் "என்ன மாறியது" என்ற பெட்டியில் ஒரு வரி போடலாம், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பவர் கைக்கு எட்டாத இடத்தில் எந்த மடையன் தாழ்ப்பாள் வைப்பான்? சிரித்துவிட்டு மூடினேன். மதியம் மறுபடியும் திறந்து அதையே வாசித்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பழைய வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. உள்பக்கம்தான் என்றாள். கொஞ்சம் கழித்து, "எதுக்கு இப்ப அதெல்லாம்? உங்கப்பாவே போய்ச் சேந்துட்டாரு" என்றாள்.

நான் அப்பா பேச்சையே எடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

அதே ஆளாகத்தான் இருக்க வேண்டும். "லைட் ஸ்விட்ச்சும் வெளியேதான். அதை விட்டுட்டீங்க."

கேமில் ஸ்விட்ச்சே கிடையாது. நான் வைக்கவே இல்லை. இடித்துப் போட்ட ஒரு வீட்டின் ஸ்விட்ச்சை நினைவில் வைத்திருக்க ஒரே ஒருத்திக்குத்தான் காரணம் இருக்கிறது.

தங்கச்சி. எட்டு வருஷமா ஒரு போன் இல்ல. நம்பர மாத்திட்டா. எந்த ஊர்ல இருக்கா, யாரோட இருக்கா, ஒண்ணும் தெரியாது — அவதான். அவளேதான்.

மார்ச் 10, செவ்வாய்

தாழ்ப்பாளை வெளியே மாற்றினேன். ஸ்விட்ச்சையும் வைத்தேன். பெட்டியில்: "தாழ்ப்பாள் சரி செய்யப்பட்டது."

மார்ச் 14, சனி

ஒற்றை ஸ்டாராகக் கொட்டுகிறது. "மாட்டிக்கிட்டேன், வழியே இல்ல." "இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியல." "எவ்வளவு தட்டினாலும் யாரும் வரமாட்டேங்கறாங்க." ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியது. எல்லாம் அவள் குரலிலேயே காதில் விழுகிறது.

நடுவில் ஒன்று மட்டும் ஐந்து ஸ்டார். "இப்ப சரி. ஆனா தாழ்ப்பாள் போட்டது யாருன்னு காட்டலையே."

மார்ச் 15, ஞாயிறு

எழுத முடியவில்லை.

மார்ச் 16, திங்கள்

தளத்தை நடத்துபவர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரி செய்யாவிட்டால் கேமை எடுத்துவிடுவாராம். "வெளிய வரவே முடியாத கேமை யாரும்மா ஆடுவாங்க?" என்றார். அவர் சொல்வதும் சரிதான்.

தாழ்ப்பாளை உள்ளே நகர்த்தப் பத்து நிமிடம் போதும். நகர்த்தினால் அவளை மறுபடியும் பொய்க்காரி ஆக்கியதாகும். கேமை எடுத்துவிட்டால் அவளுக்கும் எனக்கும் இருக்கிற ஒரே வழியும் போச்சு.

மார்ச் 18, புதன்

எழுதித் தொலைக்கிறேன்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாலு. அவள் எதிர்த்துப் பேசினால் அப்பா என்னைப் பார்ப்பார், அந்தப் பார்வை போதும். அவர் ஒருநாளும் தாழ்ப்பாளைத் தொட்டதில்லை. அவளை உள்ளே தள்ளித் தாழ் போட்டது நான். குளியலறை வாசலிலேயே உட்கார்ந்து வீட்டுக்கணக்கு போடுவேன். அக்கா, அக்கா என்று தட்டுவாள். அப்பா வெளியே கிளம்பிப் போன பிறகும் நான் திறக்கவில்லை. ஸ்விட்ச்சை அணைக்க அவர் சொன்னதே இல்லை. அதை நானாக ஏன் செய்தேன்? தெரியலையே. இன்னிக்கும் தெரியல.

வீட்டை விட்டுப் போன அன்று இதைத்தான் கேட்டாள். "நீயே உள்ள தாழ் போட்டுக்கிட்டு அழுவ. கதை கட்டாத" என்றேன். ஆமாம் என்று அம்மா தலையை ஆட்டினாள். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. வீட்டை வரையும்போது கை தானாக உள்பக்கம் போட்டது.

மார்ச் 20, வெள்ளி

முதலிலிருந்து மாற்றினேன். இப்போது ஆடுபவர் உள்ளே இல்லை. கதவுக்கு வெளியே நிற்கிறார், பள்ளிச் சீருடையில், கையில் கணக்கு நோட்டு. உள்ளேயிருந்து தட்டும் சத்தம். தாழ்ப்பாளைத் தொட்டால் திறக்கும். பெட்டியில் எழுதினேன்: "தாழ்ப்பாள் போட்டது அக்கா."

அம்மா பின்னால் வந்து நின்று வாசித்தாள். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் வரவில்லை.

மார்ச் 23, திங்கள்

"ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு, இதெல்லாம் ஒரு கேமா?" இப்படி முப்பது. அவள் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் வந்திருந்தது. ஸ்டார் எதுவும் கொடுக்கவில்லை.

"ஒரே க்ளிக்ல திறந்துடுச்சு. இவ்வளவு சுலபமாவா இருந்துச்சு, அக்கா?"

கேமில் எதையும் மாற்றவில்லை. பெட்டியில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: "ஆமா. சுலபமாத்தான் இருந்துச்சு."