ராணிக் குதிரை ஒதுங்கும் இடம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் இடது முழங்காலைத் தவிர. நீயும் மருமகளும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன், போனில் கேட்டால் எப்போதும் அதைத்தானே சொல்கிறாய்.

நீ ஏற்பாடு செய்த பொய்க்கால் குதிரை ஆட்டப் பதிவு முடிந்தது. கல்லூரியில் பெரிய அறை, சுவரெல்லாம் கறுப்புத் துணி, சுற்றிலும் கேமரா. கம்ப்யூட்டர்காரர் அப்பாவின் உடம்பிலும் கட்டைக்காலிலும் இடுப்பில் மாட்டிய குதிரைக்கூட்டிலும், அசைவைக் கேமரா பிடிக்க, வெள்ளைப் பொட்டாக ஒட்டினார், உன் அப்பா புது மாப்பிள்ளை முறுக்கோடு நின்றார். நான் என் ராணிக் குதிரைக் கூட்டையும் துடைத்து எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைப் பார்த்துத் தயங்கி, நீங்க சிரமப்பட வேண்டாம்மா, உங்க மகன் சொல்லிட்டார், சாரோட ஆட்டத்தையே கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிப் போட்டா ராணிக் குதிரை வந்துடும் என்றார். என் முழங்காலை நினைத்துத்தான் சொல்லியிருப்பாய், தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. அடுத்த மாதம் ஆபரேஷன், அதற்கப்புறம் கட்டைக்காலைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பதியாவிட்டால் நான் ஆடியது எங்கேயும் இருக்காது. கூட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா ஆடி முடித்ததும் கம்ப்யூட்டர்காரர் அதைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். திரையில் இரண்டு குதிரை, அழகாகத்தான் வந்தன. குறுக்கே பாயும் இடத்தில் இரண்டும் நேரே வந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து தலை எது வால் எது என்று தெரியாமல் போயிற்று. மறுபடி போட்டார், மறுபடி முட்டல். கணக்கில் எங்கோ தப்பு என்று பாவம் தலையைச் சொறிந்தார், உன் அப்பா மிஷினையே குறை சொன்னார். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. இவர் ஆட்டத்தில் யாருக்கும் வழிவிட்டவர் இல்லை, வீட்டில் எப்படி என்று நீ கேட்க வேண்டாம். அந்த இடத்தில் அரை அடி பின்வாங்கி, கூட்டைச் சாய்த்து வழிவிடுவது நான். பார்க்கிறவர்களுக்கு அது தெரியக்கூடாது, ராணியின் வேலையே அதுதான். எழுந்து போய், எனக்கும் பொட்டு ஒட்டுங்கள் என்றேன்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் பொட்டு குழம்புமாம், அதனால் தனியாகவே ஆடினேன். வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் முழுசாக ஆடினேன். பிறகு திரையில் என் குதிரை மட்டும் வெற்றிடத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி ஆடிக்கொண்டிருந்தது. அப்பா பார்த்துவிட்டு, அங்கதான் யாருமே இல்லையே, எதுக்கு ஒதுங்கற என்றார். நீங்க வர்ற இடம் அது என்றேன். வீடு வரும்வரை என் கூட்டையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்பாவைத் திருப்பிப் போட்ட கண்ணாடிப் படத்தை அழிக்கச் சொல்லி நீயே கம்ப்யூட்டர்காரருக்கு எழுதிவிடு. ஆபரேஷனுக்கு உனக்கு லீவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. என்னைக் கேட்காமல் எனக்கு எதையும் வேண்டாம் என்று மட்டும் இனிமேல் யாரிடமும் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடுங்கள், இரண்டு பேரும் குறைவில்லாமல் வாழ வேண்டும்.

மனம் நிறைந்த ஆசியோடு,
உன் அம்மா