அதே கோடுள்ள டாலர்

சனிக்கிழமை, குளுவாங்.

மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவின் பழைய வெள்ளி டாலர் காசு காணாமல் போனது. அதில் பொறித்த ராஜா தலையின் கழுத்திலிருந்து விளிம்பு வரை ஒரு மெல்லிய கோடு இருக்கும். சில நாட்களில், லாயாங் லாயாங் ஊரில் தங்கை வீட்டில் அதே கோடுள்ள காசைப் பார்த்ததும், அவள் கணவர் குமாரைத் திருடன் என்றேன். "எங்கப்பா குடுத்தது மச்சான். பரவால்ல, நீங்களே வச்சிக்குங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

இன்று அதைப் பழைய காசு விற்பவரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியில் பார்த்தார். "கீறல்னா பள்ளமா இருக்கும். இது மேடா இருக்குலா. அச்சுல விரிசல். அதுக்கப்புறம் அந்த அச்சுல அடிச்ச எல்லாக் காசுலயும் இதே கோடு வரும்" என்றார். அதே கோடுள்ள இன்னொரு டாலரையும் எடுத்து வைத்தார்.

நாளை குமாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என்ன சொல்லிக் கொடுப்பது?

மூன்று வருடமாக என் அப்பா படத்தின் முன் வைத்து நான் கும்பிட்டது, குமாருடைய அப்பாவின் காசை.